சவானாவுக்கு வேலை மாற்றம்: ஊருக்குள் இருப்பதா, பூலரில் இருப்பதா?

தாமிரபரணி_மகள்
எல்லோருக்கும் வணக்கம். ஜார்ஜியாவில் சவானாவுக்கு மேற்கே எல்லாபெல்லில் ஹூண்டாய் கார் ஆலை வந்திருக்கிறது அல்லவா, அதற்கு உதிரிபாகம் செய்து தரும் ஒரு கம்பெனியில் கணவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. இப்போது சார்லட்டில் இருக்கிறோம். ஜனவரிக்குள் மாற வேண்டும். அதற்கு முன் அக்டோபரில் ஒரு நீண்ட வாரக்கடைசியில் போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். மகளுக்கு 11 வயது, கேர்ள் ஸ்கவுட்ஸில் இருக்கிறாள். மகனுக்கு 6. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். நன்றாக நடப்பார், படி ஏறி இறங்குவதுதான் சிரமம்.

படங்களில் பார்த்ததிலிருந்து அந்தப் பழைய ஊருக்குள்ளேயே வீடு எடுத்து இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கணவர் பக்கத்துப் புறநகரான பூலர் என்கிறார். அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள். சுற்றுலாத் தளங்களில் எழுதியிருப்பதை எல்லாம் படித்துவிட்டேன், அதில் இல்லாததுதான் வேண்டும்.

ஓக்நிழல்
வாருங்கள் சகோதரி. முதலில் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன், குடியிருப்பது பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

சவானாவைக் காரில் இருந்தபடி பார்க்காதீர்கள். வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு, நகர மன்றக் கட்டடத்திலிருந்து புல் தெரு வழியாகத் தெற்கே ஃபோர்சைத் பூங்கா வரை நடங்கள். ஒரு மைலுக்குள்தான் வரும். வழியில் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே என்று ஐந்து சதுக்கங்கள். ஒவ்வொன்றிலும் பெஞ்சு இருக்கிறது, நிழல் இருக்கிறது, உங்கள் மாமியார் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம். கார்கள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், நடப்பவர்களோ நேராக நடுவில் புகுந்து போகலாம். இதனால் வண்டிகள் தானாகவே மெதுவாகிவிடுகின்றன. அமெரிக்காவில் நடப்பவருக்கு இப்படி முன்னுரிமை தரும் ஊர்கள் அபூர்வம்.

இதற்கு அடிப்படை 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தார்ப் போட்ட திட்டம். நடுவில் ஒரு திறந்தவெளி. அதன் வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்து மனைகளாக நான்கு தொகுதி, ஆக 40 வீடு. கிழக்கிலும் மேற்கிலும் பொதுக் கட்டடங்களுக்கென நான்கு பெரிய மனை. இது ஒரு வார்டு. ஊர் பெருகப் பெருக இதே அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார்கள். 1851 வரைக்கும் இப்படியே 24 சதுக்கம் ஆயிற்று. இன்று 22 இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே திட்டத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்படியே காப்பாற்றப்பட்டு வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1954-இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து, அடுக்கு கார் நிறுத்தம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு டேவன்போர்ட் வீட்டுக்கும் அதே கதி வரவிருந்தது. 1820-இல் கட்டிய வீடு. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அதை வாங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷன் பிறந்தது அப்படித்தான். கார் நிறுத்தத்தை இடித்து எல்லிஸ் சதுக்கத்தை மறுபடி திறந்தது 2010-இல். இன்று அங்கே தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உங்கள் மகனுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி பற்றிக் கேட்டீர்கள். ஆற்றங்கரையில் உள்ள ரிவர் ஸ்ட்ரீட் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. இறங்கும் பழைய படிகள் செங்குத்தானவை, கைப்பிடி இருந்தாலும் பெரியவர்களுக்கு ஆகாது. கீழே பாவியிருக்கும் கற்கள் அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்தவை, ஒன்றுக்கொன்று சமமாக இருக்காது. நகர மன்றத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, அதில் இறங்குங்கள். ஊருக்குள் சுற்றும் டாட் பஸ் இலவசம், ஆற்றைக் கடக்கும் ஃபெரியும் இலவசம். கரையில் சும்மா நின்றாலே போதும், கண்டெய்னர் கப்பல்கள் அவ்வளவு கிட்டத்தில் போகும். ஏழெட்டு மாடிக் கட்டடம் ஒன்று தெருவின் முனையில் நகர்ந்து போவது போலத் தெரியும்.

பூலர்_அப்பா
உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது மேடம். ஆலை இருப்பது பிரையன் கவுண்டியில், ஐ-16 பக்கம். பழைய ஊரிலிருந்து போனால் நல்ல நாளில் அரை மணி, விபத்து ஏதாவது நடந்தால் ஒரு மணிக்கும் மேல். துறைமுகத்து லாரிகள் எல்லாம் அதே சாலைகளில்தான். நாட்டின் பெரிய நான்கு கண்டெய்னர் துறைமுகங்களில் சவானா ஒன்று. 20 அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் கையாளுகிறார்கள். அந்தச் சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் வெளியே போகிறது. காலை நேரத்தில் ஐ-95-உம் ஐ-16-உம் சேரும் இடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பூலரில் அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. புது வீடுகள், பெரிய கடைகள், விமான நிலையம். ஆனால் பிள்ளைகளோடு இருக்க வசதி. பள்ளிக்கூடம்தான் முக்கியம் என்றால் பிரையன் கவுண்டியில் ரிச்மண்ட் ஹில், எஃபிங்ஹாம் கவுண்டியில் ரின்கன் இரண்டையும் பாருங்கள். நிறையக் குடும்பங்கள் பள்ளிக்காகவே அங்கே போகின்றன. பூலரும் சவானாவும் சாத்தம் கவுண்டி, அங்கே எல்லாம் ஒரே பள்ளி நிர்வாகம். எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

நம் ஊர் மளிகை கிடைக்கும். ஆனால் சார்லட்டில் பார்த்துப் பழகிய அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். பெரிய கோயில், கச்சேரி, தமிழ்ப் பள்ளி விழா என்றால் அட்லாண்டாதான், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். ரிவர்டேல் பெருமாள் கோயிலுக்குக் காலையில் கிளம்பி இரவு திரும்புகிறவர்கள் இங்கே இருக்கிறோம்.

ஈரக்காற்று
இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை வெயில்தான், வியர்வையும் அதே வியர்வைதான். அதுகூடப் பழகிவிடும். புயல்தான் முக்கியம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2016 அக்டோபரில் மேத்யூ வந்தபோது, ஃபோர்ட் புலாஸ்கியில் 1935 முதல் கடல்மட்டத்தை அளந்து வரும் கருவி அதுவரை காணாத உயரத்தைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே இர்மா. அப்போது ஐ-16 சாலையின் இரண்டு பக்கத்தையும் மேற்கு நோக்கித் திருப்பிவிட்டு மக்களை வெளியேற்றினார்கள். 2024-இல் ஹெலீன் போனபோது மின்சாரம் இல்லாமல் பல நாள் இருந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

வாடகைக்கோ சொந்தத்துக்கோ எந்த வீடு பார்த்தாலும் வெளியேற்ற மண்டலம் எது, வெள்ள மண்டலம் எது என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000. அதுவும் கட்டிய மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடாது, பொதுவாக 30 நாள் ஆகும். புயல் கிளம்பிய செய்தி கேட்டுப் பணம் கட்டிப் பயனில்லை.

அக்டோபரில் வருகிறீர்கள் என்பதால் ஒன்று. டைபீ தீவுக் கடற்கரைக்குப் போகும் ஒரே சாலை யு.எஸ். 80. சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது. இலையுதிர் காலத்துப் பெரிய ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், மழையே இல்லாமல் அந்தச் சாலையில் தண்ணீர் ஏறும். இங்கே ஓதம் ஏழெட்டு அடி ஏறி இறங்கும் கடல். ஓத நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சதுப்போரம் சாயங்காலம் நின்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகள் கடித்துக் குதறிவிடும். பிள்ளைகளுக்கு முழுக்கை போடுங்கள். மரத்தில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் தரையில் விழுந்து கிடந்தால் மகனை எடுத்து விளையாட விடாதீர்கள், தரையில் கிடப்பதில் தோலை அரிக்கும் சிற்றுண்ணிகள் ஏறியிருக்கும்.

ஏட்டுச்சுவடி
ஓக்நிழல் சொன்ன சதுக்கங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வரலாற்றில் பாதியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஜார்ஜியா தொடங்கியபோது அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1751-இல் தடையை நீக்கினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரின் செல்வம் நெல்லாலும் பஞ்சாலும் வந்தது. இரண்டும் அடிமைகளின் உழைப்பு. நீங்கள் பார்த்து ரசிக்கப்போகும் சாம்பல் நிறச் செங்கற்களைச் செய்ததும் அவர்கள்தான். ஆற்றோரம் ஹெர்மிடேஜ் என்ற தோட்டத்தில் சூளை இருந்தது.

ரைட் சதுக்கத்தில் நடுவில் ரயில்வே அதிபர் கோர்டனுக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருக்கும். அது நிற்கும் இடம் டோமோசிச்சியைப் புதைத்த இடம். ஓகில்தார்ப்புக்கு இடம் தந்து ஊர் அமைய உதவிய யமக்ரா தலைவர் அவர். 1880-களில் அவருடைய சமாதி இருந்த இடத்தில் கோர்டனின் சின்னத்தை வைத்தார்கள். பிறகு கோர்டன் குடும்பத்துப் பெண்ணே முன்னின்று, சதுக்கத்தின் ஒரு மூலையில் டோமோசிச்சிக்கு ஒரு கருங்கல் பாறையை வைக்கச் செய்தார். பிள்ளைகளை அந்தப் பாறைக்கு அழைத்துப் போங்கள்.

அப்புறம் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம். அடிமைகளாக இருந்தவர்கள் பகல் வேலை முடிந்த பிறகு இரவில் வந்து கட்டிய கட்டடம், 1859-இல் முடிந்தது. உள்ளே வழிகாட்டியோடு போகலாம். கீழ்த்தளத்தின் மரத்தரையில் சாய்சதுர வடிவில் துளைகள் இருக்கும். காங்கோ மக்களின் பிறப்பு, இறப்பு பற்றிய சின்னம் அது. தப்பி ஓடி வந்தவர்கள் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சு விட அந்தத் துளைகள் என்று தேவாலயத்தார் சொல்கிறார்கள். மேல்மாடி மர இருக்கைகளின் பக்கவாட்டில் அவர்கள் செதுக்கிய குறிகள் இன்னும் இருக்கின்றன, குனிந்து பாருங்கள்.

அந்தக் கட்டடம் முடிந்த அதே 1859-இல், மார்ச் 2, 3 தேதிகளில், ஊருக்கு வெளியே டென் ப்ரூக் குதிரைப் பந்தயத் திடலில் 436 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பியர்ஸ் பட்லர் என்ற பெருந்தோட்ட உரிமையாளர் சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் பட்ட கடனுக்காக. இரண்டு நாளும் விடாமல் மழை. அழுகைக் காலம் என்று அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அங்கே ஒரு அறிவிப்புப் பலகை 2008-இல்தான் வந்தது. 149 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மழைச்சாரல்
@ஏட்டுச்சுவடி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 6 வயதுக் குழந்தையோடு வீடு பார்க்கப் போகிற குடும்பத்துக்கு இதையெல்லாமா சொல்வது? முதல் தடவை போகும்போது பிள்ளைகளுக்கு ஊர் பிடிக்க வேண்டும். குதிரை வண்டி, ஐஸ்கிரீம், கடற்கரை, டைபீ கலங்கரை விளக்கம், போதும். குடிவந்த பிறகு மெதுவாகத் தெரிந்துகொள்ளட்டுமே.

ஏட்டுச்சுவடி
குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதைத் தாய் தீர்மானிக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 11 வயதுப் பெண் இதைப் புரிந்துகொள்வாள். ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் போனால் பாருங்கள். 1819-இல் கட்டிய மாளிகை, அந்தக் காலத்திலேயே வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர். முன்பெல்லாம் சீமாட்டியின் அறை, விருந்து மேசை என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். இப்போது பின்கட்டில் அடிமைகள் தங்கிய இடத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள், 2018 முதல் அந்த அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அதுவும் இருக்கிறது. அங்கே கூரையின் உட்புறம் முழுக்க நீலம் பூசியிருக்கும். ஆவிகள் வராமல் இருக்க அவுரி, சுண்ணாம்பு, மோர் கலந்து அந்த மக்கள் பூசியது. குழந்தையும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்யும்.

துக்கம் மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. டபிள்யூ. டபிள்யூ. லா என்று ஒருவர், இதே ஊரில் தபால்காரர். 1960-61-இல் நிறவெறிக் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை நடத்தினார். நிறப் பாகுபாட்டைத் தடை செய்த மத்திய அரசின் 1964 சட்டம் வருவதற்கு முன்பே சவானாக் கடைகள் வழிக்கு வந்தன. பிறகு அவரே கறுப்பின மக்களின் பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் நின்றார். பீச் இன்ஸ்டிடியூட்டும் கிங்-டிஸ்டெல் குடிலும் இன்று இருப்பதற்கு அவர்தான் காரணம். ஏழு பெண்கள் ஒரு வீட்டைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிற இடத்தில் இந்தத் தபால்காரரையும் சொல்ல வேண்டும்.

ஓக்நிழல்
@ஏட்டுச்சுவடி, சரியாகச் சொன்னீர்கள். கூடவே ஒன்று: அடிமை முறையைத் தூக்கிப் பிடித்த கல்ஹூனின் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு 2023-இல் சூசி கிங் டெய்லர் பெயரை வைத்தார்கள். சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்து எழுத்துக் கற்று, உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படையினருக்குச் செவிலியாகவும் ஆசிரியையாகவும் இருந்தவர். கேர்ள் ஸ்கவுட்ஸைத் தொடங்கிய ஜூலியட் கோர்டன் லோ பிறந்த வீடு பார்க்க மகள் கட்டாயம் ஆசைப்படுவாள், 1912-இல் இந்த ஊரில்தான் அந்த இயக்கம் தொடங்கியது. அங்கிருந்து சூசி கிங் டெய்லர் சதுக்கம் நடக்கிற தூரம். இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம். வீடு திறந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்களை
சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. சைவம் என்றால் கவனமாகக் கேட்டு வாங்குங்கள். கீரையிலும் பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு போட்டு வேகவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சொன்னால்தான் தெரியும்.

ஆனால் இந்தக் கடற்கரைச் சமையல் நமக்கு அந்நியமாகவே படாது. நெல் சாகுபடி தெரிந்தவர்கள் என்பதற்காகவே மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து மக்களைப் பிடித்து வந்தார்கள். அவர்கள் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் சாப்பாடு இன்றும் சோறுதான். தக்காளி போட்டுச் சிவக்கச் சமைக்கும் ரெட் ரைஸ், தட்டைப்பயறு சேர்த்த சோறு, வெண்டைக்காய்க் குழம்பு. சாலையோரத்தில் பெரிய பானையில் உப்புப் போட்டு வேகவைத்த நிலக்கடலை விற்பார்கள், தோலோடு. என் அப்பா இங்கே வந்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி வாங்கினார். காரத்தில் ஊறிய வகையும் உண்டு, முதலில் சாதாரண உப்புக் கடலையை வாங்குங்கள்.

ஊருக்குத் தெற்கே பின் பாயின்ட் என்று ஒரு கல்லா கீச்சி குடியிருப்பு. விடுதலை பெற்ற பிறகு நிலம் வாங்கித் தாங்களே அமைத்துக்கொண்டது. அங்கே பழைய சிப்பி, நண்டு ஆலையை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கூட்டத்தில் சிறிது நேரத்தைக் குறைத்துவிட்டு அங்கே போகலாம்.

செங்கல்வீடு
ஃபோர்சைத் பூங்காவுக்குத் தெற்கே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஊருக்குள் இருப்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்.

காலை ஆறரை மணிக்குப் பூங்காவில் நடக்கும்போது இதைவிட நல்ல ஊர் உலகத்தில் உண்டா என்று தோன்றும். நூலகம், சனிக்கிழமை உழவர் சந்தை, மகளின் பாட்டு வகுப்பு எல்லாம் நடந்தே. பக்கத்து வீட்டாரைத் திண்ணையில் தினம் பார்க்கிறோம், பேசுகிறோம். புறநகரில் இருந்த காலத்தில் எங்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

மறுபக்கம்: பழைய வீடுகளில் வாசலுக்கே பத்துப் பன்னிரண்டு படி. தெருப்புழுதி, சகதி வீட்டுக்குள் வராமல் இருக்க அப்படிக் கட்டினார்கள். உங்கள் மாமியாருக்கு அது ஒத்துவராது, கீழ்த்தளம் கிடைத்தால்தான் உண்டு. கீழ்த்தளத்திலோ ஈரம். எங்கள் வீட்டில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஆண்டு முழுக்க ஓடுகிறது, பீரோவில் தோல் செருப்பு பூசணம் பிடிக்கும். சொந்தமாக வாங்கினால் வெளியே தெரியும் ஒரு ஜன்னலை மாற்றக்கூட நகரத்தின் அனுமதி வேண்டும். ஊர் இந்த அழகில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பதால் எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆனால் செலவு செலவுதான். இரவில் பேய்க்கதை சொல்லும் சுற்றுலா வண்டிகள் ஜன்னலுக்குக் கீழே நிற்கும். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் விழா 1824 முதல் ஊர்வலமாக நடக்கிறது, அந்த வாரம் வண்டியை எடுக்க முடியாது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகள் பெருகிவிட்டன. உரிமையாளர் தங்காத அத்தகைய வீடுகளுக்கு ஒவ்வொரு வார்டிலும் 20 சதவீதம் என்று நகரம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் எங்கள் தெருவில் குடும்பங்களே மிஞ்சியிருக்காது. ஆகவே உங்களைப் போல் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் ஊருக்குள் வந்தால் நாங்கள் மனதார மகிழ்வோம். வரச் சொல்லித்தான் ஆசை. ஆனால் தினமும் எல்லாபெல் போக வேண்டும், படி ஏற முடியாத பெரியவர் இருக்கிறார் என்கிறபோது என்னால் வற்புறுத்த முடியவில்லை.

தாமிரபரணி_மகள்
இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மிக்க நன்றி. கணவரும் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

@மழைச்சாரல், உங்கள் அக்கறை புரிகிறது. மகள் பள்ளியில் உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள், தேவாலயத்துக்கு அவளை அழைத்துப் போகிறேன். அந்த நேரத்தில் சின்னவனும் அவன் அப்பாவும் எல்லிஸ் சதுக்கத்தில் நனையட்டும்.

இப்போதைக்கு ஒரு ஆண்டு பூலர் பக்கம் வாடகை என்று பேசியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் ஊருக்குள் வருவோம். ஊருக்குள் கீழ்த்தளம், ஈரமில்லாதது, அமைந்தால் அப்புறம் யோசிக்கலாம். இன்னும் ஒரே கேள்வி: வாடகை வீட்டுக்கும் வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டுமா? வீட்டுக்காரர் எடுத்திருப்பார் அல்லவா?

ஈரக்காற்று
அவர் எடுத்திருந்தாலும் அது கட்டடத்துக்குத்தான். உங்கள் கட்டில், துணி, மெத்தை எதுவும் அதில் வராது. வாடகைக்காரர் பொருளுக்கு மட்டும் தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்கலாம், வீட்டுக் காப்பீட்டை விட மிகக் குறைவாகவே ஆகும். ஜனவரியில் வந்தால் அவசரமில்லை, ஆனால் ஏப்ரல் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள், அப்போதுதான் ஜூன் 1-க்கு முன் அந்த 30 நாள் கழியும். பூலரிலும் புதுக் குடியிருப்புகள் சில தாழ்வான இடத்தில் இருக்கின்றன. முகவரி கையில் வந்ததும் ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் முகமை) வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வரைபடம் பார்க்கத் தெரியாவிட்டால் மண்டலத்தின் எழுத்தை மட்டும் இங்கே எழுதுங்கள், வீட்டு முகவரியைப் பொதுவில் போட வேண்டாம்.